ராட்வீலரின் தாடையும் பொமரேனியனின் கோபமும்

என் இடது மணிக்கட்டை ஒட்டி இரண்டு சின்னப் புள்ளிகள் இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பொமரேனியன் வைத்த முத்திரை. வெள்ளை வெளேரென்று பஞ்சுப் பொதி போல உட்கார்ந்திருந்தது. தடவிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன், அவ்வளவுதான். நடந்த இடம் ஒரு கால்நடை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். எதிர் பெஞ்சில் ஒரு ராட்வீலர் இருந்தது, ஐம்பது கிலோ தேறும். ஊசிக்குப் பயந்து, கூட்டி வந்தவரின் கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உள்ளே வந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கிப் பொமரேனியனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். நானும் அப்படிப் போய் உட்கார்ந்தவன்தான்.

பெரிய நாய்களின் மீது வீண்பழி என்பதற்குச் சான்றாக இந்தக் கதையை நீண்ட நாள் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. சுவரோரம் ஒதுங்கியவர்கள் ஒன்றும் ஏமாளிகள் அல்லர். அவர்கள் மனத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. இந்த நாய் கடிக்குமா? கடித்தால் என்ன ஆகும்? முதல் கேள்விக்குத் தப்பான விடையையும் இரண்டாவதற்குச் சரியான விடையையும் வைத்திருந்தார்கள். இரண்டையும் ‘ஆபத்தான நாய்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் இந்த விவாதம் எந்த ஊரிலும் முடிவதே இல்லை.

முதல் கேள்வியைப் பார்ப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் செர்ப்பெல் குழுவினர் நாய் வளர்ப்பவர்களிடம் நீண்ட கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பதில் வாங்கி, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மனிதர்களிடம் சீறுவதில் முன்வரிசையில் நின்றவை டாஷண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல் டெரியர். அதாவது குட்டைக்கால் நீள்வாக்கு நாயும், கைப்பைக்குள் அடங்குகிற நாயும்! பிட்புல்லும் ஜப்பானிய அகிதாவும் வேறொரு பத்தியில் உயர்ந்து நின்றன: பிற நாய்களைக் கண்டால் பாய்வது.

2022 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். அவற்றில் 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே குணத்தில் காணப்படும் வேறுபாட்டில், இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்பது போன்ற குணங்களில் இனத்துக்குக் கொஞ்சம் பங்கு தெரிந்தது. எளிதில் சீண்டப்படும் குணத்தில் இனம் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. ஒருவருடைய சொந்த ஊர் தெரிந்தால் அவர் புட்டு சாப்பிட்டு வளர்ந்தாரா, களி சாப்பிட்டு வளர்ந்தாரா என்று ஓரளவு ஊகிக்கலாம். கோபக்காரரா என்று ஊகிக்க முடியுமா? அதுபோலத்தான்.

ஜெர்மனியில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அங்கே நீடர்சாக்சன் மாநிலம் 2000-ல் ஆபத்தான இனங்களின் பட்டியல் ஒன்றைப் போட்டு, அந்த நாய்கள் அனைத்தும் குணச் சோதனைக்கு வரவேண்டும் என்றது. அறிமுகமில்லாத ஆள் குடிகாரனைப் போலத் தள்ளாடி வருவார். இன்னொருவர் திடீரென்று குடையை விரிப்பார். நாய் என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் இப்படிச் சோதிக்கப்பட்ட பட்டியல் நாய்கள் 415-ஐயும், சாதுவுக்குப் பெயர்போன கோல்டன் ரெட்ரீவர்கள் 70-ஐயும் ஒப்பிட்டார்கள். பட்டியல் நாய்களில் 95 சதவீதம் இடத்துக்குத் தக்கபடி நடந்துகொண்டன. கோல்டன் ரெட்ரீவரில் ஏறக்குறைய 99. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. மாநிலம் பட்டியலைக் கைவிட்டது. 2013 முதல், எந்த இன நாயை வாங்கினாலும் புதிதாக வளர்ப்பவர் தனக்கு நாயைப் பற்றித் தெரியும் என்று தேர்வு எழுதிக் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது.

இதோடு நிறுத்தினால் நாய்ப் பிரியர்கள் கைதட்டுவார்கள். ஆனால் மரபு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி: உற்றுப் பார்த்தல், பதுங்கிப் போதல், துரத்தல், கவ்வுதல், கொல்லும் கடி. மனிதன் நாயை வேலைக்கேற்பப் பொறுக்கி வளர்த்தபோது இந்தக் கண்ணிகளில் சிலவற்றைத் தடிப்பாக்கினான், சிலவற்றை மெலிதாக்கினான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் பார்த்தலும் பதுங்கலும் துரத்தலும் மிகுந்திருக்கும். கடைசிக் கண்ணி மங்கிவிட்டது. லாப்ரடார் சுட்டு விழுந்த பறவையைக் கசக்காமல் கவ்விக்கொண்டு வரும். காளைகளோடும் பிறகு தம் இனத்தோடும் மோதவிட வளர்க்கப்பட்ட புல்-டெரியர் வழி நாய்களிடம் (பிட்புல் இந்த வழிதான்) கவ்விய பிடியை விடாத முரட்டுத்தனம் தங்கியிருக்கிறது. அது மனிதனைப் பார்த்ததும் பாயும் குணம் அல்ல. பாய்ந்துவிட்டால் எப்படிப் பாயும் என்பதைச் சொல்லும் குணம். தவிர, கேள்வித்தாள்கள் அன்றாடச் சுபாவத்தைத்தான் அளக்கின்றன. ஆயிரமாயிரம் நாய்களில் ஒன்று ஆளைக் கொல்கிறதே, அந்த அபூர்வ நிகழ்வைப் பற்றி அவற்றால் அதிகம் பேச முடியாது.

ஆகவே தாடைக்கு வருவோம். ராட்வீலரின் தலை அகலமாக இருப்பதற்கு எலும்பு மட்டும் காரணமல்ல, தசையும்தான். கன்னப்பொறியில் தொடங்கிக் கீழ்த்தாடைக்கு இறங்கும் தசையும், கன்ன எலும்பிலிருந்து இறங்கும் தசையும் சேர்ந்துதான் வாயை மூடுகின்றன. தலை பெருத்தால் தசைக்கு இடம் கூடும், கடியின் விசையும் கூடும். இன்னொன்று, நெம்புகோல். பாக்குவெட்டியின் நுனியில் பாக்கை வைத்து அமுக்கிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் ‘டக்’ என்று உடையும். நீண்ட மூஞ்சி உள்ள நாயின் முன்பற்கள் கீலிலிருந்து தொலைவில் இருக்கின்றன. முகம் குட்டையான நாய்க்கு அதே தசையும் கூடுதல் பலன் தருகிறது. 

பிட்புல்லின் தாடை கவ்வியதும் பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. எந்த நாயின் மண்டையோட்டிலும் அப்படியொரு பூட்டு கிடையாது. விடாமல் பிடிப்பது அதன் பிடிவாதம். ‘சதுர அங்குலத்துக்கு இத்தனை ஆயிரம் பவுண்டு’ என்று சுற்றிவரும் எண்களையும் நம்ப வேண்டாம். சதுர அங்குலக் கணக்கு அழுத்தத்துக்கானது, தாடை தருவது விசை. பல்நுனி எவ்வளவு கூர்மை என்பதைப் பொறுத்து அழுத்தம் மாறிவிடும். அதோடு, உயிருள்ள நாய் அளவு கருவியைத் தன் மனம் போன வேகத்தில்தான் கடிக்கும்.

உண்மையில் உயிரை வாங்குவது அந்த எண் அல்ல. சிறிய நாய் குத்திவிட்டு விடுகிறது: புள்ளி விழும், வலிக்கும், ஆறும். கனமான நாய் கவ்விக்கொண்டு தலையை இரு பக்கமும் உதறினால் தோலும் தசையும் கிழிகின்றன. பெரியவர் என்றால் தொடை, முன்கை. தோள்வரைக்கும் ஏறக்குறைய ஒன்றரை முழம் நிற்கும் ஆண் ராட்வீலர் தலையை நிமிர்த்தினால், ஐந்து வயதுக் குழந்தையின் கழுத்தும் முகமும் அதன் வாய்க்கு நேரே இருக்கின்றன.

அதனால்தான் மரணக் கணக்கு வேறு படம் காட்டுகிறது. அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து இறந்தவர்களில், இனம் தெரிந்த 238 மரணங்களை எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வீலரும். மொத்தம் 25 இனங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆய்வாளர்களே ஓர் எச்சரிக்கையையும் எழுதினார்கள்: நாட்டில் எந்த இனம் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கை கையில் இல்லாமல், எது அதிக ஆபத்து என்று விகிதம் போட முடியாது.

அதன் பிறகு 2000 முதல் 2009 வரையிலான 256 மரணங்களை இன்னொரு குழு வழக்கு வழக்காகத் துருவியது. 87 சதவீதத்தில் தடுக்கத் திராணியுள்ள ஆள் பக்கத்தில் இல்லை. 84 சதவீதத்தில் நாய் கருத்தடை செய்யப்படாதது. 76 சதவீதத்தில் அது வீட்டாரோடு பழகாமல், கட்டியோ அடைத்தோ வைக்கப்பட்டது. இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்ததோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வழக்குகளில்தான். செய்தித்தாள் எழுதும் இனப் பெயர் பெரும்பாலும் கண்மதிப்பு.

பழகாமல் என்ற சொல்லில் நிறைய இருக்கிறது. 1961-ல் வெளியான ஒரு சோதனையில் குட்டிகளை உயரமான வேலிக்குள் மனித முகமே காட்டாமல் வளர்த்தார்கள். பதினான்காவது வாரம் வரை மனிதனைச் சந்திக்காத குட்டிகள் காட்டு விலங்கு போல ஆகிவிட்டன, பிறகு எவ்வளவு கொஞ்சியும் அண்டவில்லை. ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் திறக்கும் ஒரு சன்னல் பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் சாத்திக்கொள்கிறது. நம் ஊரில் ராட்வீலர் குட்டி விலைக்கு வருவதும் அந்தச் சன்னல் திறந்திருக்கும்போதுதான். வாங்கிய கையோடு மொட்டை மாடியில் கட்டிவிடுகிறார்கள். ஆளை அண்டவிடாமல் வளர்த்தால் காவல் நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. காவல் காக்கிற நாய்க்கு யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று தெரிய வேண்டாமா? மாடியில் தனியே கிடந்த நாய்க்கு எல்லோருமே வேண்டாதவர்கள். ராட்வீலரின் பூர்விகமோ நேர் எதிர். தெற்கு ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களோடு சந்தைக்கு மாடு ஓட்டியும் வண்டி இழுத்தும், ஊர்க் கூட்டத்துக்கு நடுவே பிழைத்த நாய் அது.

2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசின் கால்நடைத் துறை 23 வகை நாய்களுக்குத் தடை போடச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஜப்பானின் டோசா அதில் இரண்டு தடவை இருக்கிறது. ‘டெரியர்கள்’ என்று ஒரே சொல்லில் ஒரு பெரும் குடும்பமே இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் மூன்று கிலோ யார்க்‌ஷயர் டெரியரும் குற்றவாளி. அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று அதைத் தள்ளிவிட்டன. நெதர்லாந்து 1993-ல் பிட்புல்லைத் தடை செய்து, கடி குறையவில்லை என்று கண்டு 2008-ல் விலக்கிக்கொண்டது. பிரிட்டன் 1991 முதல் தடையோடு வாழ்கிறது. எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகை வந்ததும் 2023 இறுதியில் அதையும் சேர்த்தது. பெயரைத் தடுத்தால் வளர்ப்பவர்கள் வேறு பெயரில் அதே உடம்பை உண்டாக்குகிறார்கள்.

ஆனால் உடம்பு உடம்புதான். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின. கழுத்தில் கயிறு இல்லை, வாயில் மூடி இல்லை. அந்த இரண்டும் ஒருவேளை நூறு நாள் சாதுவாகவே இருந்திருக்கலாம். ஐம்பது கிலோ நாய்க்கு நூற்றோராவது நாளுக்காகத்தான் கயிறு. லாரி ஓட்டுநரும் சைக்கிள்காரரும் ஒரே அளவு கவனக்குறைவானவர்களாக இருக்கலாம். லாரிக்குத் தனி உரிமம் கேட்பது, ஓட்டுநர் கெட்டவர் என்பதாலா?

இவ்வளவும் சொல்லிவிட்டு, சின்ன நாய் கடித்தால் ஆறிவிடும் என்று எழுதியதை நானே திருத்த வேண்டும். அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும் கணக்கு. இந்தியாவில் 2024-ல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கு மேல். இங்கே வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. அந்த வைரஸுக்கு நாயின் எடை ஒரு பொருட்டல்ல. எச்சில் பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போக, ஒரு கீறல் போதும். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

அன்றைக்கு என்னைக் கடித்த பொமரேனியனுக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தது. இருந்தும் கம்பவுண்டர் விடவில்லை. என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், துணி சோப்பைக் கையில் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பதினைந்து நிமிடம் தேய்க்க வைத்தார். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பாடமும் நடந்தது.

“குரைக்கவே இல்லையே” என்றேன்.

“குரைக்காது சார். நீங்கள் கையை நீட்டியதும் மூச்சிரைப்பை நிறுத்தி வாயை மூடிக்கொண்டது. உடம்பு கல்லாகிவிட்டது. கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. அதற்கு மேல் அது என்ன சொல்ல வேண்டும்?”

உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது என்றும் சொன்னார். அந்தப் பொமரேனியனை உறுமினால் தட்டிவைப்பார்களாம் அந்த வீட்டில்.

பன்னிரண்டாவது நிமிடமோ என்னவோ, ராட்வீலர் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தது. நேரே குழாயடிக்கு வந்து என் முழங்காலை முகர்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கம்பவுண்டர் என்னைப் பார்க்கவில்லை, அதன் வாயைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது, பின்பக்கம் முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது.

“தொடலாம் சார்” என்றார். “அந்தக் கையால் வேண்டாம். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.”