யார் யாரிடம் கேட்கிறார்கள்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ரோலுக்கு ரோல் லேசாக ஷேடு மாறியிருக்கிறது. நாளை மறுநாள் ஷிப்மெண்ட். வெட்டலாமா, திருப்பி அனுப்பலாமா? முடிவெடுக்க வேண்டியவர் மேனேஜர். ஆனால் கட்டிங் மாஸ்டர் துணித்துண்டை எடுத்துக்கொண்டு நேராகப் போவது, செக்கிங்கில் இருபது வருடமாக இருக்கும் அக்காவிடம். "இது தேறுங்களாக்கா?" அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பேச்சு மேனேஜர் மேஜைக்குப் போகும்.

யார் யாருக்குக் கீழே என்பது எல்லோருக்கும் தெரியும். யார் யாரிடம் யோசனை கேட்கிறார்கள் என்பது அப்படித் தெரிவதில்லை. செல்வாக்கின் சூட்சுமம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

டேவிட் கிராக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 36 பேர் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனம். வேலையில் சந்தேகம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அதோடு விடவில்லை. மற்றவர்கள் யார் யாரிடம் போவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார். அப்புறம் அந்தக் கணிப்புகளை நிஜத்தோடு ஒப்பிட்டார். யாருடைய கணிப்பு கூடுதலாகச் சரியாக இருந்ததோ, அவர்களையே சக ஊழியர்கள் செல்வாக்குள்ளவர்களாக மதிப்பிட்டிருந்தார்கள். பதவியைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு யோசனை எங்கே முட்டி நிற்கும், யார் சொன்னால் யார் கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்தவர், அதற்கேற்ப வழியை மாற்றிக்கொள்கிறார்.

இப்படி வேலையிடத்தில் ஆட்களைப் புரிந்துகொண்டு காரியத்தை நகர்த்துவதை ஆய்வாளர்கள் 'அரசியல் திறன்' என்கிறார்கள். ஜெரால்ட் ஃபெரிஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2005இல் அதை அளக்க 18 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். ஆட்களை எடைபோடுவது, அவர்களை இணங்கவைப்பது, தொடர்புகளை வளர்ப்பது, உண்மையானவர் என்று படுவது ஆகிய நான்கும் அதில் அடக்கம். கடைசியானது போனால் மற்ற மூன்றும் காக்கா பிடிக்கும் வேலையாகத்தான் தெரியும். உள்நோக்கம் இருப்பதாகச் சந்தேகம் வந்துவிட்டால் புகழ்ச்சி கூட உறுத்தும்.

ஆட்களை எடைபோடுவது நம் ஊரில் தனி வித்தை. கொங்குப் பக்கம் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வது அபூர்வம். "பார்க்கலாங்க" என்பார்கள். எந்தப் "பார்க்கலாங்க" சம்மதம், எது மறுப்பு என்பது குரலில் இருக்கிறது.

அதே கம்பெனிக்குப் புதிதாக ஒரு மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவர், வருகிறார். பேக்கிங் முறையை மாற்றினால் நேரம் மிச்சம் என்கிறார். மேனேஜர் "பார்க்கலாங்க" என்கிறார். மூன்று வாரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு டீ நேரத்தில் அந்த மெர்ச்சண்டைசர் செக்கிங் அக்காவிடம் போய், "இதுல என்னங்க்கா சிக்கல்?" என்று கேட்கிறார். "மடிக்கிற இடத்துல லேபிள் மறையுது கண்ணு, நாங்க மறுபடி பிரிச்சுப் பார்க்கணும்." மடிப்பை மாற்றிக்கொண்டு வருகிறார். அடுத்த முறை மேனேஜரிடம் அந்தப் பேச்சை எடுத்தது அக்காதான்.