முந்திரி இருப்பதைச் சொல்லாத உணவகம்: ஒவ்வாமை அறிவிப்பு விதி யாரைக் கட்டுப்படுத்தும், யாரைக் கட்டுப்படுத்தாது?

“முந்திரி சேர்த்திருக்கிறீர்களா?” என்று அந்தத் தாய் இரண்டு முறை கேட்டார். “மேல எதுவும் தூவ மாட்டோம்மா” என்றார் பரிமாறியவர். அவர் பொய் சொல்லவில்லை. குருமாவுக்கு முந்திரி அரைத்து விட்டது சமையலறைக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். உதடு வீங்கி மூச்சுத் திணறிய சிறுவன் மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டான். அதன்பின் அந்தக் குடும்பத்துடன் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் கீழ் 2020-இல் வந்த லேபிள் மற்றும் காட்சிப்படுத்தல் விதிமுறைகளில், உணவகங்களுக்கான பகுதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வாமை தரும் பொருள் ஓர் உணவில் இருந்தால், உணவுப் பட்டியலில் அந்த உணவின் பெயருக்கு நேரே அதைக் குறிப்பிட வேண்டும் என்பதே சாரம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கடமை மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே உண்டு. தெருமுனை ஓட்டலும், மூன்று கிளை வைத்திருக்கும் பிரியாணிக் கடையும் இதற்குள் வருவதில்லை. எனவே முதலில் பில்லைப் பாருங்கள். அதில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அது 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம், 124 என்று தொடங்கினால் தமிழ்நாடு அரசு வழங்கிய உரிமம். இரண்டாவது வகையாக இருந்தால் கிளைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் புகார் எழுதுங்கள். இல்லையேல் “இந்த விதி அவர்களுக்குப் பொருந்தாது” என்ற ஒற்றை வரியில் அது திரும்பி வரும்.

அடுத்த பொறி, விதி வகுத்திருக்கும் ஒவ்வாமைப் பட்டியல். வேர்க்கடலையும், முந்திரி, பாதாம், பிஸ்தா போன்ற கொட்டைகளும் அதில் உண்டு; எள்ளும் கடுகும் கசகசாவும் இல்லை. இட்லிப் பொடியிலும் புளியோதரையிலும் எள் சேர்க்கும் ஊரில் வாழ்கிறோம் என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடலை எண்ணெய் போல ஒவ்வாமைப் பொருளிலிருந்து எடுத்த எண்ணெயையும் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டியதில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எந்த எண்ணெய் என்பதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. “முந்திரி போடாமல் செய்து கொடுங்கள்” என்று நீங்கள் கேட்டு மாற்றிச் செய்த உணவு, இந்தக் காட்சிப்படுத்தல் விதியிலிருந்து விலக்குப் பெற்றது. ஆண்டில் 60 நாளுக்குக் குறைவாக நடத்தும் விருந்துச் சமையலும் அப்படியே. ஆகவே அத்தகைய வேண்டுகோளை வாட்ஸ்அப்பிலோ ஆர்டர் குறிப்பிலோ எழுத்தாக வையுங்கள். வாய்ச்சொல்லை நாளை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பாதிப்பு நேர்ந்த பிறகு செய்யும் பெரிய தவறு, “உணவு சரியில்லை, குழந்தைக்கு உடம்பு கெட்டுவிட்டது” என்று புகார் எழுதுவது. அதிகாரி இரண்டு நாள் கழித்துப் போய்ப் புதிதாகச் சமைத்த குருமாவில் மாதிரி எடுப்பார், முந்திரி கலப்படப் பொருள் அன்று, “பாதுகாப்பானது” என்று அறிக்கை வரும், கோப்பு மூடப்படும். எங்களுக்கு நடந்ததும் இதுதான். “உணவுப் பட்டியலில் ஒவ்வாமை விவரம் குறிப்பிடப்படவில்லை” என்று எழுதி, பட்டியலின் புகைப்படத்தையும் பில்லையும் இணைத்தால், ஆய்வகத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட முடியாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்டப் பொறுப்பாளரான நியமன அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகையில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 9444042322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பலாம். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

பணம் கட்டி நாமே உணவைப் பரிசோதிக்க அதே 2006 சட்டத்தின் பிரிவு 40 வழிசெய்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த நோக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டுமாம்! மூச்சுத் திணறப்போவதை முன்கூட்டியே அறிந்தவருக்குத்தான் அந்தப் பிரிவு உதவும். மருத்துவமனைக் குறிப்பில் “உணவு ஒவ்வாமை” என்பதோடு, என்ன உணவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதையும் எழுதித்தரச் சொல்லுங்கள். வெறும் “மூச்சுத்திணறல்” என்று இருந்தால் அது வழக்குக்கு உதவாது.

இழப்பீட்டுக்கு அதே சட்டத்தில் பிரிவு 65 இருக்கிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. விதிக்குள் வராத சிறு உணவகம் “போடவில்லை” என்று தவறாகச் சொல்லியிருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதே நேர்வழி. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அதற்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. துறை பதில் தரட்டும் என்று காத்திருக்கும் நாள்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டு மனுக்களையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.