பர்ன்அவுட்: உலைவு

விருப்பத்தோடு தொடங்கிய கலைவேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கடைசியில் எதிலும் மனம் ஒட்டாமற் போகும் நிலையை, மட்டக்களப்பில் பகலில் பாடசாலையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு இரவில் கூத்துப் பழகுவோரும் சிற்றிதழ் நடத்துவோரும் இப்போது 'பர்ன்அவுட்' என்கிறார்கள். அதற்குத் தக்க தமிழ்ச்சொல் எது என்பதை ஆராய்வது பயனுடையது.

எரிபொருள் தீரும்வரை எரிந்து அணைதல் என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். நியூயோர்க்கில் வாழ்ந்த உளவியலாளர் ஹேர்பர்ட் ஃபிரொய்டன்பேர்கர் 1974இல் வெளியிட்ட கட்டுரை அதனை உளவியலுக்குள் கொண்டுவந்தது. பகலில் தம் தொழிலைக் கவனித்த அவர், மாலையில் ஓர் இலவச சிகிச்சை நிலையத்தில் ஊதியமின்றிப் பணியாற்றினார். அங்கே தம்மிடமும் உடன் உழைத்த தொண்டர்களிடமும் கண்ட சோர்வுக்கே இப்பெயரை இட்டார். ஆகவே, சம்பளத்துக்கு வெளியே மனமுவந்து ஏற்ற வேலையில்தான் இச்சொல்லின் உளவியற் பொருள் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது. பின்னர் உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981இல் சூசன் ஜாக்சனுடன் இணைந்து இதற்கோர் அளவுகோலை வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இது நோயாகக் கொள்ளப்படவில்லை. தீராத வேலை நெருக்கடியால் வரும் களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் கூடிய தொழில்சார் நிலையாகவே அங்கே விளக்கப்படுகிறது.

'எரிந்துபோதல்' என்ற சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு தமிழுக்குப் பொருந்தாது. வயிறெரிதல், மனமெரிதல் என்பன நமக்குப் பொறாமையையும் ஆற்றாமையையும் குறிப்பன. 'மனச்சோர்வு' மருத்துவர் கவனிக்க வேண்டிய வேறொரு நோய்க்குப் பெயராகிவிட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நோயாளிக்கே தீங்காகும். 'பணிச்சோர்வு' தொழிலிடத்துக்குப் பொருந்தினாலும், ஊதியமில்லாத கலைவேலையைத் தழுவவில்லை.

என் தேர்வு 'உலைவு' என்பதே. "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்" என்ற 620ஆம் குறளில் அது முயற்சியின் இடையே நேரும் தளர்ச்சியைக் குறிக்கிறது. நிலைகுலைதல், வருந்துதல், அழிதல் என்ற பொருள்களும் அதன் வினைக்கு உண்டு. 'அலைஞ்சு உலைஞ்சு போனன்' என்று நம் பேச்சிலும் அவ்வினை உயிரோடிருக்கிறது. ளகரம் இட்டெழுதும் 'மன உளைச்சல்' வலியைக் குறிக்கும் வேறு சொல். நெருப்பு உலையோடும் இதனை முடிச்சுப் போட வேண்டியதில்லை. தொழிலிடத்தில் வருவதைப் 'பணியுலைவு' என்றும், எங்கும் வரக்கூடியதைப் பொதுவாக 'உலைவு' என்றும் வழங்கலாம்.

உலைவுக்கு முன்பே வேலைகளைக் குறைப்பதற்கு 'மட்டுப்படுத்தல்' என்ற வழக்குச்சொல்லே போதும். எதை, எப்போது மட்டுப்படுத்துவது என்பதே கடினமானது. மட்டக்களப்புக் கூத்தில், கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் இன்னாருக்கு இன்ன பாத்திரம் என முடிவுசெய்து பாடல்களைக் கையளிக்கும் 'சட்டங்கொடுத்தல்' முதலில் நடக்கிறது. பின்னர் பல நாள் இரவுப் பழக்கம், அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகை எல்லாம் கடந்தே அரங்கேற்றம் வருகிறது. இடையில் ஒருவர் விலகினால் அவரோடு எதிர்நின்று ஆடும் கூத்தரின் தரு என்னும் பாட்டும் தாளக்கட்டும் குலைந்துபோகும். எனவே மறுக்க வேண்டியவர் சட்டங்கொடுக்கும் முன்பே மறுக்க வேண்டும். பாத்திரம் ஏற்றபின் கை நிறைந்துவிட்டது என்று உணர்பவர், கூத்தை விடாமல், தம் ஒருவர் பொறுப்பில் இருக்கும் இதழையோ குறும்படத்தையோ அரங்கேற்றம் முடியும்வரை நிறுத்திவைப்பதே முறை. அவ்விதழ் ஒரு பருவம் தாமதித்து வருவதால் எவருடைய ஆட்டமும் கெடப்போவதில்லை.