அப்பத்தாவின் மாத்திரை டப்பா

மதுரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புறநோயாளிகள் கூட்டம் பாதி குறைந்திருந்த நேரத்தில், ஒரு தாய் தம் மஞ்சப்பையிலிருந்து பழைய தகர பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து என் மேசைமேல் கவிழ்த்தார். மாமியாருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அட்டைகள், கணவரின் மூட்டுவலி மாத்திரைகள், கழுத்தில் பிசுக்குப் படிந்து மூடி இறுகிப்போன இருமல் டானிக் புட்டி, எதற்கென்றே நினைவில்லாத நான்கைந்து துண்டு அட்டைகள், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியான கண் சொட்டு மருந்து எல்லாம் வந்து விழுந்தன. "இவ்வளவும் எங்க வீட்டுல டி.வி.க்குப் பக்கத்துலதான் டாக்டரம்மா இருந்துச்சு. மருந்துதானேன்னு வச்சிருந்தோம்" என்றார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

குடும்பத்தாரின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். அந்த வீட்டில் அப்பத்தாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு இந்தப் பெண்ணுடையது. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வருவதும் அவள்தான். பொறுப்பான பிள்ளை என்று பெயரெடுத்தவள் என்பதால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. மாதக் கடைசிக்கு முன்பே மாத்திரை தீர்ந்துபோவதைக் கண்டுபிடித்தவர் எழுத்து வாசனையே இல்லாத அப்பத்தாதான். அட்டையைத் தடவிப் பார்த்தே எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று கணக்கு வைத்திருந்தார்.

"ஏன் எடுத்தாய்?" என்று அந்தப் பெண்ணிடம் வீட்டில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. "முதல் தடவை எடுத்த அன்னைக்கு என்ன நடந்துச்சு பாப்பா?" என்று நான் கேட்டபோது, நெடுநேரம் கழித்து, "அன்னைக்கு ஒண்ணும் நடக்கல மேடம். ரெண்டு மாசமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்புறம் விடியுறவரைக்கும் நான் எதுக்கு இருக்கேன்னே ஓடிக்கிட்டு இருக்கும். அது நிக்கணும்னுதான் எடுத்தேன்" என்றாள்.

அவள் தகப்பனார் வெளியே நின்றுகொண்டு, தன் மகள் போதைக்கு அடிமையாகிவிட்டாள் என்று செவிலியரிடம் அழுதுகொண்டிருந்தார். அவர் வேதனை எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த ஒரு சொல் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவள் விடியற்காலை விழிப்பும், தன்னைப் பற்றிய வெறுப்பும், எதிலும் பிடிப்பற்ற நிலையும் மனச்சோர்வு நோயின் தெளிவான அறிகுறிகள். அந்த நோய்க்கு வீட்டில் ஒருவரும் வைத்தியம் பார்க்காதபோது, கைக்கெட்டிய மருந்தைக் கொண்டு அவளே பார்த்துக்கொண்டாள். அந்த வைத்தியம் ஆபத்தானது; ஆனால் அதற்குப் பின்னால் இருந்த வலி பொய்யானதன்று. வீட்டு மருந்தைத் தவறாகப் பயன்படுத்தி என்னிடம் வரும் வளரிளம் பருவத்தினரில் பலருடைய கதையும் இதுவே. நண்பர்களோடு சேர்ந்து ஆர்வத்தால் தொடங்குபவர்களும் உண்டு. ஆனால் யாருக்கும் தெரியாமல், தனியாக, இரவில் எடுக்கும் பிள்ளை பெரும்பாலும் எதையோ தாங்க முடியாமல்தான் எடுக்கிறது.

"டாக்டர் கொடுத்த மருந்துதானே, கெடுதல் செய்யாது" என்ற நம்பிக்கை பெரியவர்களிடமிருந்துதான் பிள்ளைகளுக்குப் போகிறது. தூக்க மாத்திரை மூளையின் வேகத்தைக் குறைத்து மயக்கத்தைத் தருகிறது, மனச்சோர்வைத் தீர்ப்பதில்லை. சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். பிறகு மாத்திரை இல்லாத இரவில் முன்பைவிட மோசமாக உறக்கம் கெடும். படித்தது மனத்தில் தங்காது. பகலில் மந்தமாக இருக்கும். அதனால் மதிப்பெண் குறையும். குறைந்த மதிப்பெண் மறுபடி மனத்தை அழுத்தும். தூக்க மாத்திரையோ வீரியமான வலி மாத்திரையோ, இருமல் மருந்தோடோ மதுவோடோ சேரும்போது மூச்சே தாழ்ந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல வாரங்களாகத் தூக்க மாத்திரை எடுத்துவந்த பிள்ளையிடமிருந்து, விஷயம் தெரிந்த அன்றே கோபத்தில் முழுவதையும் பிடுங்கி நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும், சில வேளைகளில் வலிப்பும் வரலாம். மருந்து பெரியவர் கைக்கு மாற வேண்டும் என்பது சரி. ஆனால் எவ்வளவு, எத்தனை நாளில் குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அதற்குச் சில வாரங்கள் ஆயின.

இன்னொன்று, எந்த வீட்டிலும் இருக்கும் காய்ச்சல் மாத்திரை பற்றியது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி உட்கொண்ட பிள்ளை முதல் நாள் நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். எழுந்து நடக்கும், பேசும், சாப்பிடவும் செய்யும். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். இந்த நச்சை முறிக்கும் மருந்து இருக்கிறது. முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் மிக நன்றாகப் பலன் தருகிறது. ஆகவே எந்த மாத்திரையானாலும், "நல்லாத்தானே இருக்கா, காலையில பார்த்துக்கலாம்" என்று காத்திருக்காமல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாமல், காலி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு வர வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பொழுதைக் கடத்திய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 115-ஆம் பிரிவில் சொல்கிறது. மருத்துவமனையில் விவரம் பதிவு செய்யப்படலாம். அதற்காகப் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடாது.

வளரிளம் பருவத்து மனச்சோர்வு பெரியவர்களுடையதைப் போல அழுகையாகவே வருவதில்லை. எரிச்சலாக வரும். கேட்டதற்கெல்லாம் வெடுக்கென்று பதில் வரும், கதவு சாத்தப்படும், தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மறுக்கும், விரும்பிச் செய்த ஒன்று சத்தமில்லாமல் நின்றுபோகும். இந்தப் பெண் கோலம் போடுவதை நிறுத்தியிருந்தாள். மார்கழியில் தெருவே நின்று பார்க்கும்படி போடுபவள், அந்த ஆண்டு வாசலில் நான்கு புள்ளி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். "படிப்பு அதிகம், அதான்" என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி இப்படி இருந்தால் அதைப் பருவக் கோளாறு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஐம்பது பேர் உட்காரும் வகுப்பறையில் அது ஏழு பிள்ளைகள்.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். விசாரணையாக இல்லாமல், கண்ணுக்குக் கண் பார்த்து உட்கார வேண்டிய கட்டாயமும் இல்லாமல், வண்டியில் போகும்போதோ காய் நறுக்கும்போதோ கேட்கலாம். "கொஞ்ச நாளா நீ நீயா இல்லையேப்பா, ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்பதே போதும். பதில் வந்ததும் அறிவுரை சொல்லத் துடிக்கும் நாக்கைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள், தன் வலிக்குத் தகுதியே தனக்கில்லை என்று அந்தப் பிள்ளை ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. என் அனுபவத்தில், யாராவது கேட்டுவிட்டார்களே என்ற ஆறுதலைத்தான் பிள்ளைகளின் முகத்தில் கண்டிருக்கிறேன்.

சிகிச்சை என்று நாங்கள் தொடங்கியது ஒரு நாற்பது பக்க நோட்டில். மனச்சோர்வு உள்ளவர்கள் மனம் சரியானபின் எதையாவது செய்யலாம் என்று காத்திருப்பார்கள். செய்யாததால் மனம் மேலும் சரியும். அதனால் முதலில் சின்னதாக ஒன்றைச் செய்வது, பிறகு மனம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது என்ற வரிசையில் தொடங்குகிறோம். ஒரு பக்கம் செய்த காரியம், மறுபக்கம் அதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். முதல் வாரத்தில் அவள் எழுதியவை பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாகவே இருந்தன. "தலைக்குக் குளித்தேன். 1, 2." "மொட்டை மாடியில் நடந்தேன். 2, 2." இரண்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, "அப்பத்தாவோடு உட்கார்ந்து மல்லிகைப் பூ கட்டினேன். 2, 4" என்று எழுதியிருந்தாள். எந்த அப்பத்தாவின் மாத்திரையை எடுத்தோமோ அவர் முகத்தில் விழிக்கவே கூசிக்கொண்டிருந்த பெண் அவள். அப்பத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், நாரை நனைத்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். அந்த நான்கை நாங்கள் இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உறக்கத்தைச் சீராக்கியதும் இதே அளவு முக்கியம். இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராதது சோம்பலால் அன்று. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. காலை ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், பள்ளி முடிந்ததும் இன்னொன்று, இரவு பதினொரு மணிவரை வீட்டுப்பாடம் என்று வைத்துவிட்டு, பிள்ளை ஏன் தூங்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது. இந்தக் குடும்பம் காலை டியூஷனை நிறுத்தியது. தகப்பனாருக்கு அது எளிதாக இருக்கவில்லை, ஆனாலும் செய்தார். தினமும் மாலை அவளோடு சேர்ந்து அரைமணி நேரம் நடக்கவும் தொடங்கினார். உடற்பயிற்சி லேசான மனச்சோர்வுக்கு உண்மையிலேயே உதவுகிறது. துணைக்கு ஒருவர் வந்தால்தான் அது தொடர்கிறது.

எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு உளவியல் ஆலோசனையோடு மருந்தும் தேவைப்படலாம். அது உடனே மயக்கம் தரும் மருந்தன்று. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் சிலருக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும் என்பதால், அந்நாள்களில் பிள்ளையை நெருக்கமாகக் கவனித்து, குறித்த தேதியில் அழைத்து வரவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுப்பது, சற்றுத் தேறியதும் நாமாக நிறுத்திவிடுவது இரண்டும் கூடாது.

அந்தத் தகர டப்பாவுக்கு வருகிறேன். தாங்க முடியாத எண்ணம் உச்சத்தில் நிற்பது பல நேரங்களில் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான்; அந்தப் பொழுதில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிர் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. பிரிட்டனில் 1998-இல் ஒரு தடவைக்கு விற்கும் பாராசிட்டமால் பொட்டலத்தின் அளவைச் சட்டத்தால் குறைத்தபின், அதனால் நேர்ந்த மரணங்கள் குறைந்தன. நம் வீட்டில் அதற்குச் சமமான வேலை பீரோவைப் பூட்டுவது. தூக்க மாத்திரை, வலி மாத்திரை, வலிப்பு மற்றும் மனநல மருந்துகள் பெரியவர் ஒருவரின் சாவிக்குள் இருக்கட்டும். அவரே எண்ணி அன்றன்றைய வேளைக்குக் கொடுக்கட்டும். மீந்ததையும் காலாவதியானதையும் சேர்த்து வைக்க வேண்டாம். மருந்துக்கடைக்குப் பிள்ளையை அனுப்புவதையும் நிறுத்துங்கள். தூக்க மாத்திரைகள் பலவும் மருந்து விற்பனை விதிகளில் எச்1 என்ற அட்டவணையில் வருபவை. புதிய சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யாருக்குக் கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தெரிந்த பிள்ளை என்பதற்காகப் பழைய சீட்டுக்கு மருந்து தரும் கடைக்காரர்களிடம் இதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. வர இயலாதபோது, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-உம் இருக்கிறது. பிள்ளைகள் தாமே அழைக்க 1098 இருக்கிறது.

அந்தப் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், முன்பதிவு இல்லாத ஒரு நாளில் தாயும் மகளும் வந்தார்கள். முந்தைய இரவு மூன்று மணிக்கு அவள் அம்மாவைத் தட்டி எழுப்பி, "அம்மா, மறுபடி அந்த மாத்திரை ஞாபகம் வருது" என்று சொல்லியிருக்கிறாள். தாய் விளக்கைப் போட்டு, பால் காய்ச்சிக் கொடுத்து, விடியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்திருக்கிறார். மகள் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். முந்தைய இரவின் தேதியிட்டு, "அம்மாவை எழுப்பினேன். 1, 3" என்று எழுதியிருந்தது.