நின்றே கெடும் எஞ்சின்

பழைய சிறு விமானங்களின் விற்பனை விளம்பரத்தில் விலையைத் தூக்கிவிடும் வரி ஒன்று உண்டு: ‘எஞ்சின் மிகக் குறைந்த மணி நேரமே ஓடியது.’ கார் வாங்கிப் பழகியவருக்கு நாவில் நீர் ஊறும். எனக்கோ உடனே ஒரு சந்தேகம் வரும்: மற்ற நேரமெல்லாம் அது எங்கே நின்றுகொண்டிருந்தது?

சந்தைக்கு வருபவற்றில் வயதானவை ஏராளம். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172, 1956இல் விற்பனைக்கு வந்தது. 1986இல் உற்பத்தி நின்று, ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. ஆகவே நாற்பது வயது விமானம் கைமாறுவது சாதாரணம்.

பெருநகரம் விரிய விரிய இந்த விமானங்களின் பாடு திண்டாட்டமாகிறது. ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இடம் கிடைக்காமல் வெட்டவெளியில் கயிறு கட்டி நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரம் பறப்பதற்காக இரண்டு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து போக யாருக்குப் பொறுமை இருக்கிறது? வாரம் ஒரு முறை பறந்தவர் மாதம் ஒரு முறை பறக்கிறார். பிறகு அதுவும் இல்லை. மணிக்கணக்கு ஏறுவதில்லை. உள்ளே துரு ஏறுகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. பெரும்பகுதி நீராவியாகப் புகையோடு வெளியேறிவிடும். சிறு பங்கு மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிந்து, எண்ணெய் இருக்கும் கிராங்க்கேசுக்குள் போகும். நெடுநேரம் பறந்து எண்ணெய் நன்றாகச் சூடேறினால் இந்த ஈரம் ஆவியாகிக் காற்றுக்குழாய் வழியே போய்விடும். விமானத்தைத் தரையில் வைத்துப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைப்பவர் அதற்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்; உண்மையில் ஈரத்தை ஊற்றி மூடி வைக்கிறார்! மாதம் ஒரு முறையாவது, எண்ணெய் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க, ஒரு மணி நேரம் இடைவிடாமல் பறக்க வேண்டும் என்கிறது விமான எஞ்சின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம்.

செஸ்னா 172இன் பல ரகங்களில் இருப்பது அந்நிறுவனத்தின் எஞ்சின்தான். அதில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. ஓடும்போது தெறிக்கும் எண்ணெய் அதை நனைக்கும். நின்றபின் அந்த எண்ணெய் மெல்ல வடிந்துவிடும். காய்ந்த உலோகத்தில் ஈரம் படிந்து நுண்குழிகள் விழும். மீண்டும் ஓட்டும்போது அக்குழிகளின் விளிம்பு பெயரத் தொடங்கும். வால்வைத் தள்ளும் கேமின் மேடு தேயத் தேய வால்வு முழுதாகத் திறக்காது. எஞ்சின் சத்தமின்றி வலுவிழக்கும்.

வாங்குமுன் செய்யும் சோதனைகளில் புகழ்பெற்றது அழுத்தக் கசிவுச் சோதனை. சிலிண்டருக்கு 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார்கள். புகைக்குழாயில் ‘உஸ்’ என்று கேட்டால் வெளியேற்று வால்வில் கோளாறு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் வளையங்களில். அழகான சோதனை. ஆனால் மூடிய வால்வு கசிகிறதா என்பதைத்தான் அது சொல்லும். எவ்வளவு திறக்கிறது என்பதைச் சொல்லாது. கேம் பாழாகியிருந்தாலும் 78 காட்டும்.

எண்ணெய் வடிகட்டியை அறுத்துத் தாள் மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது எஃகு. கேம் மீது சந்தேகம் விழ வேண்டும். சிலிண்டர் ஒன்றைக் கழற்றிக் கேமைக் கண்ணால் பார்ப்பதே உறுதியான வழி. விற்பவர் எளிதில் சம்மதிக்க மாட்டார், அதுவும் நியாயம்தான்.

எனவே பதிவேட்டைப் புரட்டுங்கள். ஆண்டுக்கு நூறு மணி வீதம் பறந்து 1,000 மணியைத் தொட்ட எஞ்சினை, பதினைந்து ஆண்டுகளில் 300 மணி ஓடியதைவிட நான் நம்புவேன். லைகமிங்கும் இந்த வகை எஞ்சின்களுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால் (முழுதாகக் கழற்றிப் புதுப்பித்தல்) என்றுதான் வரையறுத்திருக்கிறது.

இன்னொன்று: விற்பவர் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி, ‘பாருங்கள், வெண்ணெய் போல் சுற்றுகிறது’ என்று காட்டினால் தடுத்துவிடுங்கள். தற்செயலாக எஞ்சின் உயிர்பெற்றால் கை போய்விடும். கேமில் மிச்சமிருந்த எண்ணெய்ப் படலத்தையும் அவர் வழித்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.