மஞ்சளான பப்பாளி ஏன் இனிக்கவில்லை?

ஜொகூரின் குளுவாங் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பப்பாளி வாங்கும்போது எல்லாரும் பார்ப்பது தோலின் நிறத்தைத்தான். மஞ்சள் நன்றாக ஏறியிருந்தால் பைக்குள் போய்விடும். வீட்டில் அறுத்துப் பார்த்தால் சதை சிவந்திருக்கும், கத்தி தடையில்லாமல் இறங்கும், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். கடைக்காரர் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்துவிட்டார் என்று உடனே பழி விழும். ஆனால் காரணம் பெரும்பாலும் கடையில் இல்லை. காயை எந்தப் பருவத்தில் வெட்டினார்கள், அப்போது மரத்தில் எத்தனை இலை பச்சையாக நின்றது என்பதில்தான் இருக்கிறது.

வாழையோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும். முற்றிய வாழைக்காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. தாரை வெட்டிய பிறகு அந்த மாவு சர்க்கரையாக உடைகிறது. அதனால்தான் பச்சையாக வெட்டிய தார் லோரியிலேயே பழுத்து இனித்துவிடுகிறது. பப்பாளியில் அப்படிச் சேமிப்பு கிடையாது. அதன் சதையில் மாவுச்சத்து ஒரு சதவீதத்தைக் கூட எட்டுவதில்லை. இலையில் உருவாகும் சர்க்கரை காம்பு வழியாகக் காய்க்குள் வந்து சேர்ந்தால்தான் உண்டு. அந்த வரவும் பெரும்பாலும் காய் முற்றும் கடைசி மாதத்தில்தான் நடக்கிறது. பூ மலர்ந்ததிலிருந்து தோலில் முதல் மஞ்சள் தெரிய நம் வெப்பத்தில் நான்கரை மாதம் வரை ஆகும். அதில் மூன்று வாரம் முந்தி வெட்டினால், காய் பார்வைக்கு முழு அளவில் இருக்கும், உள்ளே சர்க்கரை வந்திருக்காது.

அப்படி வெட்டிய காயும் மஞ்சளாகும், மெத்தென்றாகும். ஏனென்றால் அந்த வேலைகளுக்கு இலை தேவையில்லை. காயே சுரக்கும் எத்திலீன் வாயு தூண்டிவிட, தோலின் பச்சையம் சிதைகிறது, சதையில் செந்நிறம் கூடுகிறது, செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைகிறது. கார்பைடு கல் ஈரம் பட்டு வெளிவிடும் அசிட்டிலீனும் இதே தூண்டுதலைத்தான் செய்கிறது. நிறத்தைக் கொண்டுவரும், சர்க்கரையைக் கொண்டுவராது. அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பீன் போன்ற நச்சு மாசுகளும் கலந்திருப்பதால் அதை உணவுப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

ஆக, இனிப்பு என்பது இலைக் கணக்கு. ஹவாயில் நடந்த ஆய்வுகள் இதை அளந்து காட்டின: முதிர்ந்த ஓர் இலை ஏறக்குறைய மூன்று காய்களுக்குத் தீனி போட முடியும். இலைகளில் பாதியை ஒருமுறை வெட்டியபோது மரம் சமாளித்துக்கொண்டது. முக்கால் பங்கை வெட்டியபோது புதிய பூவும் பிஞ்சும் குறைந்தன, பழுத்த காயின் இனிப்பும் இறங்கியது. கொல்லையில் மரம் வைத்திருப்பவர்கள் வெளிச்சத்துக்காகவும் சுத்தத்துக்காகவும் கீழ் இலைகளை மொட்டையடிப்பதை எங்கும் பார்க்கலாம். காய்ந்து தொங்கும் இலையையும் காம்பையும் எடுப்பது நல்லது, அதற்கான காரணம் பின்னால் வருகிறது. பச்சை இலையில் கை வைப்பது காயின் வாயிலிருந்து பிடுங்குவதுதான். ஒரே கணுவில் இரண்டு மூன்று பிஞ்சு நெருக்கினால், இலையை விட்டுவிட்டுப் பிஞ்சைக் கழிக்க வேண்டும். கணுவுக்கு ஒன்று போதும்.

இனி மரத்துக்கு வருவோம். மலேசியாவில் பெயர்பெற்ற எக்சோட்டிக்கா இரகத்தை, மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் 1987இல் வெளியிட்டது. ஹவாயின் சன்ரைஸ் சோலோ இரகத்தையும் உள்நாட்டு சுபாங் 6 இரகத்தையும் கலந்து, மறுபடி மறுபடி சோலோவோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்தது அது. பழம் 600 முதல் 800 கிராம் வரை, சதை ஆரஞ்சு கலந்த சிவப்பு, பிரிக்ஸ் அளவு 12 முதல் 14. நூறு கிராம் சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, எத்தனை கிராம் என்பதே பிரிக்ஸ். ஒளிவிலகல் மானியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் அளவு தெரிந்துவிடும்.

பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரம் உண்டு. சந்தைக்கு ஏற்றது இருபால் மரத்தின் நீள்வடிவக் காய். சதை தடித்து, உள்குழி சிறுத்து இருக்கும். பெண் மரத்துக் காய் உருண்டை, சதை மெலிவு. தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்ட இருபால் மரத்து விதையில் ஆண் கன்று வராது. இரண்டு பங்கு இருபாலும் ஒரு பங்கு பெண்ணும் வரும். ஆனால் பூக்கும் வரை எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. குழிக்கு ஒரு கன்று நட்டால் மூன்றில் ஒரு குழி பெண் மரமாகிவிடும். மூன்று கன்று நட்டால், மூன்றுமே பெண்ணாக அமையும் வாய்ப்பு 27இல் ஒன்றுதான். 2.7 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,000 குழி வரும். ஒரு கன்று முறையில் 660க்கு மேல் பெண் மரம், மூன்று கன்று முறையில் 75 அளவில். விதைச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒற்றைக் கன்று நடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இந்த எண்ணிலேயே தெரியும்.

கன்று முளைக்க வைப்பதில் ஒரு சிறு நுணுக்கம்: விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. சல்லடையில் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்திய விதைதான் இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றுபோல் முளைக்கும். நட்ட மூன்று நான்கு மாதத்தில் முதல் மொட்டு வந்ததும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இதழ்கள் அடிவரை தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் உருண்டைச் சூலகம் மட்டும் நின்றால் பெண். இதழ்களின் அடிப்பகுதி குழலாக ஒட்டி, ஒடுங்கிய சூலகத்தைச் சுற்றி மஞ்சள் மகரந்தப்பைகள் இருந்தால் இருபால். ஓர் இருபால் கன்றை விட்டுவிட்டு மற்றவற்றைத் தரையோடு வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் சேர்ந்து கிழியும்.

இருபால் மரமும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் வந்தால் பூவின் சூலகம் வளராமல் நின்று, பூ வெறும் ஆண் பூவாகி உதிர்ந்துவிடும். ஈரமும் குளிர்ச்சியும் தழைச்சத்தும் மிஞ்சினால், மகரந்தக் காம்புகளே சூலகத்தோடு ஒட்டிக் காயாக முயன்று, பள்ளமும் மடிப்புமாகக் கோணிய காய் வரும். தண்டில் கீழே காய், மேலே காய், நடுவில் ஓரடிக்கு வெறுமை என்று நிற்கும் மரத்தைப் பார்த்தால், அந்த வெறுமை இருக்கும் இடத்தில் பூ வந்த காலத்தில் மரம் வறட்சியில் தவித்தது என்று படித்துக்கொள்ளலாம். உரத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது. அந்தக் காலத்தில் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். காய் முழுக்கப் புடைப்பும் குழியுமாக இருந்து, தோலில் பால் துளிர்த்து நின்றால் அது வேறு சிக்கல், போரான் பற்றாக்குறை. மணற்பாங்கான நிலத்தில் அடிக்கடி வரும். மரத்துக்கு 5 முதல் 10 கிராம் போராக்ஸை வேரடியில் தூவினால் போதும். அதற்கு மேல் போனால் இலை ஓரம் கருகும்.

தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. வேரடியில் இரண்டு மூன்று நாள் நீர் நின்றால் பப்பாளி வேர் மூச்சடைத்து அழுகும். நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும் ஜொகூர் மழையில் சமதரையில் நட்ட மரம் பிழைப்பது கடினம். ஓரடிக்குக் குறையாத மேட்டுப்பாத்தியும், நீரை லோங்காங்குக்கு (வடிகாலுக்கு) இழுத்துப்போகும் வாய்க்காலும் நடும்போதே வேண்டும். காய்ப்பு மரத்துக்கு 12:12:17:2 உரம், அதாவது தழை, மணி, சாம்பல், மக்னீசியம் என்ற வரிசையில் சாம்பல்சத்து கூடிய கலவை, மாதத்துக்கு 200 கிராம் அளவில் இரண்டாகப் பிரித்துப் போடலாம்.

ஜொகூர்க்காரர்களுக்கு நுனிக்கருகல் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2003இல் பத்து பகாட்டில் முதலில் தெரியவந்த இந்நோய், எர்வினியா மல்லோட்டிவோரா என்னும் பாக்டீரியாவால் வருவது. மர உச்சியின் கொண்டையில் இளம் இலைக்காம்பின் அடியில் எண்ணெய் தடவியது போன்ற ஈரக் கறை விழும், பிறகு கொண்டையே மடிந்து சாயும். தெளித்துக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மரத்தை உடனே வெட்டிப் புதைக்க வேண்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தியைப் பத்துக்கு ஒன்று கலந்த குளோராக்ஸ் (வெளுப்பான்) நீரில் முக்க வேண்டும். நல்ல இரகங்கள் இந்நோயால் தோட்டம் தோட்டமாகப் போனதைப் பார்க்கும்போது, கத்தியைக் கழுவும் அந்த அரை நிமிடத்தை யாரும் வீண் என்று நினைக்கக் கூடாது.

அறுவடையில் தோலின் நிறத்தை ஒன்று முதல் ஆறு வரை படிநிலையாகக் குறிக்கிறார்கள். ஒன்று முழுப் பச்சை. இரண்டில் நுனியில் மஞ்சள் கீற்று. மூன்றில் பச்சை மிகுதி, நான்கில் மஞ்சள் மிகுதி. ஐந்தில் பச்சைச் சாயல் மட்டும். ஆறு முழு மஞ்சள். தொலைதூரத்துக்கு அனுப்ப இரண்டு, உள்ளூர்ச் சந்தைக்கு மூன்று. ஒன்றில் வெட்டுவதுதான் நாம் முதலில் பார்த்த சப்பைப் பழத்தின் மூலம்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்களுக்குத் தெரியும், விடியுமுன் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். இரவில் செடி நீரை நிரப்பிக்கொள்வதால் பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். பப்பாளிக்கும் அதே விதிதான், ஆனால் இங்கே நமக்குப் பால் வேண்டாம். காலை ஏழு மணிக்கு வெட்டினால் காம்பிலிருந்து பால் ஒழுகி, பக்கத்துக் காய்களின் தோலில் கறையாக உறையும். வெயில் சற்று ஏறிய பிறகு வெட்டி, காம்பு கீழே பார்க்கும்படி நிழலில் சிறிது நேரம் வடிய விட வேண்டும். நீண்ட காம்பை விட்டுவைத்தால் அது அடுத்த காயைக் குத்தும். பால் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அவசியம்.

பெட்டிக்குள் நடக்கும் சேதத்தில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பழுத்த பப்பாளியின் மஞ்சள் தோலில் அங்கங்கே பச்சைத் திட்டு, சற்று அமுங்கி, மேலே பளபளப்பில்லாமல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நோய் என்று நினைப்பார்கள். அது உராய்வுக் காயம். பச்சையாக இருக்கும்போது பெட்டிச் சுவரிலோ ஒட்டிய மணலிலோ தோல் தேய்ந்தால், அந்த இடம் பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடுகிறது. லோரியின் குலுக்கலில் இது நடக்கிறது. கீழே விழும் அடியைவிட இந்தத் தேய்ப்புதான் கூடுதல் காய்களைக் கெடுக்கிறது. பெட்டியைக் கழுவுவது, ஒவ்வொரு காயையும் செய்தித்தாளிலோ நுரைவலையிலோ சுற்றுவது, இரண்டு அடுக்குக்கு மேல் போடாதிருப்பது ஆகிய மூன்றும் போதும்.

பழுத்ததும் வரும் வட்டமான அழுகல் புள்ளி ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை. இதன் தந்திரம் பொறுமை. காய் பிஞ்சாக இருக்கும்போதே மழைத்துளி தெறித்து வித்து தோலில் ஒட்டி, மேல்தோலைத் துளைத்து, உள்ளே அசையாமல் கிடக்கிறது. காய் பழுக்கத் தொடங்கியதும் வளர்கிறது. வித்து பெருகும் இடம் மரத்தில் தொங்கும் காய்ந்த இலைக்காம்பு. காய்ந்ததை அகற்றச் சொன்னது இதற்காகத்தான். வெட்டிய பின் செய்யக்கூடியது வெந்நீர்க் குளியல்: 49 டிகிரி செல்சியஸ் நீரில் 20 நிமிடம், பிறகு குளிர்ந்த சுத்த நீர். மூன்று டிகிரி குறைந்தால் பூஞ்சை பிழைக்கும். இரண்டு டிகிரி கூடினால், சதையை மெத்தென்றாக்கும் நொதிகள் செயலிழந்து, பழுத்த பிறகும் தோலுக்கு அடியில் கட்டி தட்டிப்போகும். தொட்டியில் நீரைச் சுழலவிடாமல் ஒரே இடத்தில் வெப்பமானி வைத்து அளப்பவர்கள் இரண்டு தவற்றையும் ஒரே தொட்டியில் செய்கிறார்கள்.

குளிர்ச்சியிலும் எல்லை உண்டு. நிறம் மாறத் தொடங்கிய காய்க்கு 10 முதல் 13 டிகிரி ஏற்றது. வீட்டுக் குளிர்பெட்டி 4 டிகிரியில் இருக்கும். பச்சை மிகுந்த காயை அதில் வைத்தால் செல்சவ்வுகள் கெட்டு, தோலில் குழி விழும், எடுத்து வெளியே வைத்தாலும் சரியாகப் பழுக்காது. மூன்றாம் படிக் காயை மேசைமேல் வைத்து, முழுதும் மஞ்சளான பிறகு குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். மின்விசிறிக்கு நேரே வைக்க வேண்டாம். எடையில் எட்டு சதவீத நீர் போனாலே சதை ரப்பர் தன்மையாகி மினுக்கு மங்கிவிடும்.

மழைக்காலக் கடைசியில் வரும் பழம் கொஞ்சம் சப்பையாகவே இருக்கும். சர்க்கரை சேரும் மாதத்தில் வானம் மூடிக் கிடந்தால் இலைக்கு வேலை குறைவு. அந்தச் சமயத்தில் கொல்லை மரத்துக் காயை ஒரு படி தாமதித்து, நான்கில் வெட்டலாம். ஆனால் பழ ஈ இந்தக் கட்டத்தில்தான் முட்டையிடும். பச்சைக் காயின் பாலில் முட்டையைக் கொல்லும் பொருள் இருக்கிறது, மஞ்சள் ஏற ஏற அது வற்றிவிடுகிறது. ஆகவே முதல் மஞ்சள் கீற்று தெரிந்த அன்றே காய்க்குத் தாள் உறை மாட்டி, உறையின் வாயைக் காம்போடு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.