கோழியைக் கீரி தூக்கினால்: சட்டம் என்ன சொல்கிறது, அரசு எதற்கு மானியம் தருகிறது

கோழி வளர்க்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு கேள்விகள். கீரிக்குப் பொறி வைத்தால் கேஸ் ஆகுமா? செத்த கோழிக்கு அரசு பணம் தருமா?

முதல் கேள்விக்குப் பதில், ஆகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்குள் மட்டும் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கொல்லைக்கும் அது செல்லும். கீரி, காட்டுப்பூனை, குள்ளநரி, மலைப்பாம்பு, வல்லூறு எல்லாம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குப் பொருளும் விரிவானது. கொல்வது மட்டுமல்ல, விஷம் வைப்பது, சுருக்கு மாட்டுவது, பொறி வைத்துப் பிடிப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். "நான் கொல்லவில்லையே, கூண்டில் பிடித்து ஏரிக்கரையில் விட்டுவிட்டேன்" என்று சொல்பவர்களுக்கும் அதனால் தப்ப வழியில்லை. அனுமதி இல்லாமல் பிடித்ததே குற்றம்.

தண்டனையும் லேசானது அல்ல. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பொதுவான குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மலைப்பாம்பு போல முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கோழிக்கூட்டுக்குள் புகுந்து கோழியை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடக்கிற மலைப்பாம்பை ஊரே கூடி அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரிவதில்லை. பாம்பு என்றால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கதவைச் சாத்திவைத்தால் போதும்.

தற்காப்புக்காக அடித்தோம் என்று சொல்லலாமே என்பார்கள். தன் உயிரையோ இன்னொரு மனிதர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்ததைச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் அந்த விலக்கு மனிதருக்குத்தான், கோழிக்கு இல்லை. கைதட்டி, சத்தம் போட்டு, விளக்கடித்து விரட்டுவதோடு நின்றுகொள்ளுங்கள்.

விஷம் வைக்கிற வழக்கத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. செத்த கோழியின் வயிற்றில் குருணைப் பூச்சிமருந்தைத் தூவி வேலி ஓரம் போடுகிறார்கள். குறி வைத்தது நரிக்கு; தின்றுவிட்டுச் சாவது தெருநாய், பக்கத்து வீட்டுப் பூனை, காக்கை. கொல்லையில் விளையாடுகிற பிள்ளையின் கை அதில் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேராக இணைப்பது அதைவிடக் கொடுமை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் சூரிய மின்வேலி போடுவதானாலும் முன் அனுமதி வாங்க வேண்டும்.

சரி, இரண்டாவது கேள்வி: செத்த கோழிக்கு அரசு பணம் தருமா? பேரிடர் நிவாரண விதிகளில் கோழி ஒன்றுக்கு 100 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் மனுவோடு அலைகிறார்கள். அது புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு உள்ள நிவாரணம். கீரி கடித்ததற்கு அதில் இடமில்லை. தெருநாய் கடித்துச் செத்த ஆடு, கோழிக்கு இழப்பீடு கேட்டுக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் போராடியதும் வேறு விவகாரம். நாய் வனவிலங்கு அல்ல.

ஆக, செத்த கோழிக்காக அலைவதைவிட, கோழி சாகாமல் இருக்கக் கட்டுகிற கொட்டகைக்கு அரசுப் பணத்தை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதற்கு வழி இருக்கிறது.

கால்நடை பராமரிப்புத் துறையின் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தில் 250 கோழி வளர்க்கக் கொட்டகை, தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு, நான்கு மாதத் தீவனம் ஆகிய செலவில் பாதியை மானியமாகத் தருகிறார்கள். 2024-25 அறிவிப்பில் அந்தப் பாதி 1,56,875 ரூபாய். மீதியை நீங்கள் கையிலிருந்தோ வங்கிக் கடனாகவோ போட வேண்டும். நான்கு வாரக் குஞ்சுகள் 250-ஐ ஓசூரில் உள்ள மாவட்டக் கால்நடைப் பண்ணையிலிருந்து இலவசமாகத் தருவார்கள். கொட்டகைக்குக் குறைந்தது 625 சதுர அடி சொந்த நிலம் வேண்டும். அந்தக் கிராமத்திலேயே நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பண்ணையை நடத்துவேன் என்று உறுதிமொழி தர வேண்டும். கணவரை இழந்தவர்கள், ஆதரவற்றோர், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு. ஒரு மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் கிடைக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பெரிதாக வேண்டாம் என்றால், ஏழைப் பெண்களுக்கு 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பாதி விலையில் கொடுத்த திட்டம் இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழும் தனிநபர் வீடுகளில் கோழிக் கொட்டகை கட்டித் தந்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் இப்போது என்ன நடக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். அரசு தருகிற குஞ்சு தாய் இல்லாமல் வளர்ந்த குஞ்சு. அடைகாத்த கோழியோடு மேய்கிற குஞ்சைக் கவனித்துப் பாருங்கள். தலைக்கு மேல் பருந்து நிழல் விழுந்ததும் தாய் தொண்டைக்குள் ஒரு நீண்ட சத்தம் எழுப்பும். மறு நொடி குஞ்செல்லாம் செடிக்கு அடியிலோ இறக்கைக்குள்ளோ மறைந்துவிடும். மின்விளக்குச் சூட்டில் வளர்ந்த குஞ்சுக்கு அந்தச் சத்தம் தெரியாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடுமுற்றத்தில் நிற்கும். வாங்கி வந்த வாரத்திலேயே பாதிக் குஞ்சைக் காக்கைக்கும் வல்லூறுக்கும் கொடுத்துவிட்டு, திட்டமே சரியில்லை என்பவர்கள் உண்டு. குறைந்தது இன்னும் ஒரு மாதம் மேலே வலை கட்டிய அடைப்புக்குள்ளேயே வையுங்கள். நாலைந்து குஞ்சுதான் என்றால் பஞ்சாரம், அதாவது கவிழ்த்து மூடும் கூடை, போதும்.

அப்புறம் கொட்டகை. அரசுத் திட்ட மதிப்பீட்டில் இருப்பதை அப்படியே கட்டினால் கோழி நனையாது. கீரி வராமல் இருக்காது. எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் ஆறு கோழி போனது. சுவரையும் கூரையையும் சோதித்தோம், ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில் அம்மாதான் கண்டுபிடித்தார். கதவுக்கு அடியில், மழையில் மண் அரித்து, நாலு விரல் உள்ளே போகிற அளவுக்கு ஒரு சந்து. அதன் ஓரத்தில் பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

ஆகவே கட்டும்போதே சொல்லிவிடுங்கள். ஆறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும். நாயும் நரியும் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். பெரும்பாலான பாம்புகளும் நுழைய முடியாது. செலவு கட்டுப்படியாகாவிட்டால் தரையிலிருந்து மூன்றடி வரைக்காவது அதைப் போடுங்கள். வலையின் அடிப்பகுதியை ஓர் அடி ஆழம் மண்ணில் புதைத்து வெளிப்பக்கமாக மடக்கிவிட்டால், தோண்டுகிற விலங்கு வலையில் முட்டி நின்றுவிடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வையுங்கள். மரநாய் கூரை வழியாக இறங்கும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் அடையுங்கள். பொழுது சாய்வதற்குள் கோழி எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். கீரிக்கு மட்டும் பகல்தான் வேட்டை நேரம். வேலி ஓரப் புதரை வெட்டித் திறந்தவெளியாக வைத்தால் அது பதுங்கி வர இடமிருக்காது.

காயமே இல்லாமல் கோழிகள் வரிசையாகச் செத்தால் விலங்கைச் சந்தேகிக்காதீர்கள். அது வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். செத்த கோழியோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

மானியத்துக்கு விண்ணப்பம் கொடுக்கும் இடமும் அதே மருந்தகம்தான். ஆதார் நகல், நிலத்தின் சிட்டா அல்லது அடங்கல், உங்கள் பங்குத் தொகைக்கான வங்கி ஆவணம், உறுதிமொழி ஆகியவற்றை முன்னாலேயே எடுத்து வையுங்கள். ஆட்சியரின் அறிவிப்பு வந்தபிறகு சிட்டாவுக்கு ஓடினால் கெடு தாண்டிவிடும்.